நான்காவது தீர்மானம்

நான்காவது தீர்மானத்தை வாசிக்க அவர் எழுந்தார்.

பஞ்சாயத்துத் தலைவராகி ஒன்பது மாதம். சாலையும் தெருவிளக்கும் யார் வந்தாலும் போடுவார்கள். அவர் தேர்தலில் நின்றது இதற்காகத்தான். வேதாகமத்தில் உள்ளபடி நடக்கிற ஓர் ஊர்.

ஊரில் எப்சிபாய் மட்டும் ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடையைத் திறக்கிறாள். சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிற சபை அவளுடையது. ஊரில் அந்தச் சபையைச் சேர்ந்தது அவள் வீடு ஒன்றுதான்.

தீர்மானத்தை அவரே எழுதியிருந்தார். ஓய்வுநாளாகிய ஞாயிற்றுக்கிழமையில் கடை திறந்தால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்.

கிராம சபைப் பந்தலில் இருநூறு பேர். முன்வரிசையில் போதகர். கடைசி வரிசையில் எப்சிபாய்.

முதலில் பத்துக் கட்டளைகளில் உள்ள ஓய்வுநாள் கட்டளையை வாசித்தார். சிறு வயதிலிருந்தே மனப்பாடம். ஆனால் இன்று அதற்குக் கீழே ஒரு தண்டனை இருந்தது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார்.

‘ஏழாம் நாளோ ஓய்வுநாள்’ என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டார்.

பந்தல் ஓரத்திலிருந்து ஒரு குரல். “ஏழாம் நாளுன்னா சனிக்கிழமைல்லா, தலைவரே?”

சிலர் சிரித்தார்கள்.

போதகர் எழுந்தார். “ஆண்டவர் உயிர்த்தெழுந்தது ஞாயித்துக்கிழம. அதனாலதான நாம அன்னைக்கு ஆசரிக்கோம்.”

“அது சபை வழக்கம் ஐயா. சட்டம்னு போடும்போது வேதத்துல உள்ளதத்தான எழுதணும்?”

கேட்டது தலைவரேதான். கேட்டபிறகுதான் அவருக்கே திக்கென்றது.



பேனாவை எடுத்தார். ஞாயிறு என்பதை அடித்தார். மேலே சனி என்று எழுதினார். நேர்மையான மனுஷன் என்று அவருக்கு ஓட்டுப் போடாதவர்களும் சொல்வார்கள்.

“எப்சிபாய், இனிமே ஊரே உன் நாள்ல கடைய அடைக்கும். சம்மதந்தான?”

அவள் எழுந்து நின்றாள்.

“வேண்டாம் அண்ணாச்சி.”

“ஏன்மா?”

“பதினாறு வருசமா சனிக்கிழம கடைய அடைக்கேன். கர்த்தருக்காக அடைக்கேன்னு மனசுல ஒரு சந்தோசம். சட்டம் போட்டுட்டீங்கன்னா, தண்ணிக்குப் பயந்து அடைக்கேனோன்னு எனக்கே தெரியாமப் போயிரும்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வெளியே ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது.

“பழையபடி ஞாயிறுன்னே போட்டு ஓட்டுக்கு விடுங்க” என்றார் போதகர், மெதுவாக.

தலைவர் தாளைப் பார்த்தார். அடித்த ஞாயிறும் எழுதிய சனியும் ஒரே வரியில் கிடந்தன.

“ஞாயிறுக்கே விடுதேன். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.”

வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. எப்போதும் முதலில் உயர்வது அவர் கை. அதைத் தேடி எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள்.

அந்தக் கை தாளின்மேலேயே இருந்தது.

முதலில் இறங்கியது போதகரின் கை.