பொட்டுக்கு மேலே ஒரு சாண்

அவள் நெற்றிப் பொட்டைப் பிய்த்துக் காகிதத்தின் நடுவில் ஒட்டினாள்.

வெறும் வெள்ளைத் தாளைச் சுட்டுச் சுட்டு அலுத்துவிட்டது. எதையாவது பார்த்துச் சுட வேண்டும் போல ஓர் ஆத்திரம்.

நாளைக்கு மாநிலத் துப்பாக்கிச் சுடும் அணிக்கான தேர்வு. போன வருஷம் ஒரே ஒரு தட்டு உடையாமல் பறந்ததில் வாய்ப்பு போயிற்று. அந்தத் தட்டு இன்னும் அவள் கண்ணுக்குள் பறந்துகொண்டிருக்கிறது.

இந்த வாரமும் அதே கதைதான். மெஷின் எறிகிற மண்தட்டு எழும்பும். அவள் சுடுவாள். தட்டு நோகாமல் போய் அந்தப் பக்கத்துப் புல்லில் இறங்கும். சாயங்காலம் போய்ப் பார்த்தால் முழுசாக உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வரும்.

"சோக்குதான் அம்மணி கோளாறு" என்று சொல்லிவிட்டான் தரணிதரன்.

அவள் கணவன். அவனும் சுடுகிறவன்தான். ஆண்களுக்கான தேர்வு நாளை மறுநாள். இருவருக்கும் துப்பாக்கி ஒன்றே.

சோக் என்பது குழல் வாய்க்குள் திருகுகிற சின்ன இரும்புக் குழாய். இறுக்கமானதைப் போட்டால் தோட்டாவிலிருந்து சிதறுகிற ஈய ரவைகள் நெருங்கிப் போகும். தளர்ந்ததைப் போட்டால் விரிந்து போகும். ரொம்பவும் விரிந்துவிட்டால் ரவைகளுக்கு நடுவே தட்டு நழுவிப் போய்விடும்.

எனவே திருகினார்கள். கழற்றினார்கள். வேறொன்றைத் திருகினார்கள்.

ஒவ்வொரு சோக்குக்கும் ஒரு தாள். சுடுவது அவள், ஓட்டை எண்ணுவது அவன்.

அவன் எண்ணுகிற அழகே தனி. ரவை எங்கே அடர்ந்து விழுந்திருக்கிறதோ அங்கே ஆணியை வைத்து, நூலைப் பிடித்து வட்டம் போடுவான். சுடுகளத்தில் எல்லோரும் செய்வது அதுதான். முதலில் சுட வேண்டும், அப்புறம்தான் வட்டம். பிறகு ஒவ்வொரு ஓட்டைக்கும் பேனாவால் ஒரு புள்ளி. கணக்கு அம்சமாக வரும். மறுநாள் தட்டுகள் வழக்கம்போல முழுசாகப் பறக்கும்.

பொட்டை ஒட்டிவிட்டு அவள் சுடுகிற கோட்டில் வந்து நின்றாள். நல்ல பெரிய பொட்டு. கண் இருக்கிறவளுக்குத் தெரியும்.

சுட்டாள்.

தரணிதரன் ஆணியும் நூலுமாகத் தாளை நோக்கிப் போனான். அவளும் பின்னாலேயே போனாள்.

அவன் வட்டத்தைப் போட்டு முடித்தான். பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினான். எண்ணத் தொடங்கினான்.

பொட்டு வட்டத்தின் அடியில் இருந்தது. அதன்மேல் ஒரு கீறல் கூட இல்லை.

வட்டத்தின் நடுவில் குத்தியிருந்த ஆணியிலிருந்து பொட்டு வரைக்கும் அவள் கையை விரித்து வைத்துப் பார்த்தாள். ஒரு சாண். அதற்கும் கொஞ்சம் கூட.

"பொட்டு கீழ கெடக்குதுங்க."

"துப்பாக்கியத் தூக்கிப் புடிச்சிருப்ப." அவன் புள்ளி வைப்பதை நிறுத்தவில்லை. "ரவைய பாரு அம்மணி, எவ்வளவு நெருக்கமா விழுந்திருக்குது. இன்னொரு சோக் பாக்கி கெடக்குது. அதையும் மாத்திப் பாத்தரலாம்."

அவள் திரும்பிப் போய் மறுபடி சுட்டாள். சோக்கை மாற்றவில்லை. கையைக் கல்லாக வைத்துக்கொண்டு சுட்டாள்.

மறுபடியும் பொட்டுக்கு மேலே ஒரு சாண்.

எத்தனை தாள்கள். எத்தனை வட்டங்கள். வட்டம் ரவை போன இடத்துக்கெல்லாம் கூடவே போயிருக்கிறது. அவள் எங்கே பார்த்துச் சுட்டாள் என்று எந்தத் தாளும் கேட்கவில்லை.

தோட்டா இல்லாத துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்தாள். கன்னத்தை அதன் மரக்கட்டையில் சாய்த்தாள். குழலின் மேல்முதுகு முழுக்க நீளமாகத் தெரிந்தது. இந்தத் துப்பாக்கியைத் தவிர வேறெதையும் அவள் சுட்டதில்லை. எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று இருந்துவிட்டாள்.

கன்னம் படுகிற இடத்தில் கட்டை உயர்ந்திருந்தது. தரணிதரனுக்குக் கன்னத்தில் சதை கிடையாது, குழி மட்டும்தான். அதற்காக ஒரு பலகைத் துண்டைச் செதுக்கி அங்கே ஒட்டியிருந்தான். வாதாம் எண்ணெய் தடவித் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தான். அதன்மேல் ஏறி உட்கார்ந்தது அவளுடைய பணியாரக் கன்னம். பணியாரக் கன்னம் என்று கேலி செய்வதும் அவன்தான்.

கன்னம் ஏறினால் கண் ஏறும். கண் ஏறினால் ரவையும் ஏறும்.

அவள் துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள்.

"இப்ப என்னங்க பண்றது?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் தாளைப் பார்த்தபடியே நின்றான். பேனாவை மூடினான்.

"பேத்தெடுத்தா கட்டையுஞ் சேந்து வந்துரும் அம்மணி."

எதைப் பெயர்த்தெடுப்பது என்று அவள் இன்னும் சொல்லவேயில்லை.

அவனுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். மேசைக்கு வந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். அவன் உள்ளங்கை தானாகப் போய் அந்தப் பலகையை மூடிக்கொண்டது.

தூரத்தில் யாரோ சுட்டார்கள். ஒரு தட்டு உடைந்தது.

அவள் தாளிடம் போய்ப் பொட்டை நகத்தால் நெம்பி எடுத்தாள். இன்னும் ஒட்டுகிற பதத்தில்தான் இருந்தது. நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

திரும்பி வந்து கருவிப் பெட்டியைத் திறந்தாள். சோக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். அடியில் மரம் தேய்க்கிற அரம் கிடந்தது.

அதை வலது கையில் எடுத்துக்கொண்டு, துப்பாக்கிக்காக இடது கையை நீட்டினாள்.

நீட்டியபடியே நின்றாள்.