கம்பெனி ஸ்பிரிங்

"உன் தங்கச்சி நேத்து சாயங்காலம் அந்தப் பல் டாக்டரோட காருக்குள்ள தலையை விட்டு என்னமோ பண்ணிட்டு இருந்தா. என் கண்ணால பார்த்தேன்" என்று மனைவியிடம் சொன்னார் வீட்டுக்காரர்.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்த அக்காவுக்குச் சுரீர் என்றது. பல வருஷமாக ஆசைப்பட்ட கார் பந்தயக் கோப்பை, ஒரு கார் நீள வித்தியாசத்தில் இப்போதுதான் அந்தப் பல் டாக்டரிடம் போயிருந்தது.

கார் ஓட்டுவது அக்கா. இன்ஜினைப் பார்த்துக்கொள்வது தங்கை. 'என் தங்கச்சி கை வச்ச இன்ஜினாக்கும்' என்று பார்ப்பவர்களிடமெல்லாம் அக்கா பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது.

கைகளைத் துடைத்தபடி தங்கை கூடாரத்துக்குள் வந்தாள்.

"டாக்டர் கார்ல உனக்கு என்னடி வேலை?"

"வால்வு மிதந்துட்டு இருந்துச்சுக்கா."

"எனக்கும் விளங்குற மாதிரி சொல்லு" என்றார் வீட்டுக்காரர்.

"இந்தப் பந்தயத்துல எல்லாரும் கம்பெனி ஸ்பிரிங்தான் போடணும், மாமா. நம்ம மாடல் இன்ஜின்தான் அவருக்கும். இன்ஜின் நிமிஷத்துக்கு ஆறாயிரத்து ஐநூறு சுத்து சுத்துற வரைக்கும் அந்த ஸ்பிரிங் வால்வை ஒழுங்கா மூடும். அதுக்கு மேல ஈடுகொடுக்காது. வால்வு மூடாம அந்தரத்துல நிக்கும். பிஸ்டன் வந்து இடிச்சா இன்ஜின் காலி. இவர் ஏழாயிரத்தைத் தாண்டி மிதிச்சுட்டு இருந்தார். ஆறாயிரத்து ஐநூறுக்கு மேல சுத்தாம கட் ஆகுற மாதிரி வச்சுக் கொடுத்தேன்."

"அப்போ அவர் வேகத்தைக் குறைச்சிருக்கே?" வீட்டுக்காரருக்கு ஒரு நப்பாசை.

"இல்ல மாமா. வால்வு மிதந்தா இழுவையே போயிடும். இப்பதான் வண்டி நல்லா ஓடுது."

"ஓடுச்சு, ஓடுச்சு. உங்க அக்கா தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டு ஓடுச்சு."

அக்கா ஹெல்மெட்டைக் கீழே போட்டாள். "அப்படியே விட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். நீ யாரு பக்கம்டி?"

தங்கை வாயைத் திறப்பதற்குள், கோப்பையும் கையுமாக டாக்டரே வந்து நின்றார். அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"என் இன்ஜின் இன்னைக்கு முழுசா இருக்குன்னா உங்களாலதாங்க. உங்களோட போட்டி போட்டதே எனக்குப் பெருமை."

"என்னாலயா?"

"நீங்கதான் அனுப்பினீங்கன்னு தங்கச்சி சொன்னாங்களே. இல்லேன்னா போட்டிக்கு நிக்கிறவங்க ஆளை என் கார்ல கை வைக்க விடுவேனா?"

டாக்டர் போனதும் வீட்டுக்காரர் மனைவியை அதிசயமாகப் பார்த்தார். அக்கா தங்கையைப் பார்த்தாள்.

"நான் எப்போடி உன்னை அனுப்பினேன்?"

"ஹெல்மெட்டுக்குள்ள உனக்கு அந்த வால்வு அடிக்கிற சத்தம் கேட்டிருக்காது. கேட்டிருந்தா நீயே என்னை விரட்டியிருப்பே. என் அக்காவை எனக்குத் தெரியாதா?" தங்கையின் முகத்தில் அவ்வளவு பெருமை.



நேற்றுப் பயிற்சியில் டாக்டர் காரை ஒட்டியே பின்னால் ஓட்டியவள் அக்கா. அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது அவள்தான். 'கோப்பை நமக்குத்தான்' என்று வாயை மூடிக்கொண்டதும் அவள்தான்.