பேச்சிமுத்துவின் எச்சில்

சூடம் அணைத்துச் சத்தியம். இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதில்லை.

அறிக்கை உறையைக் கிழிக்கும் சத்தம் கேட்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மரபணு ஆய்வுக்கூடத்தின் குளிரூட்டிய அறை. இந்தப் பக்கம் அவளும் அப்பாவும். அந்தப் பக்கம் மாப்பிள்ளை, அவனுடைய அம்மா, தாய்மாமன் வேலாயுதம். நடுவில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆலோசகர்.

ஜாதகம் பார்ப்பதெல்லாம் பட்டிக்காட்டு வேலை. மாப்பிள்ளையின் அம்மா படித்தவர். பெண்ணின் மரபணுவைத்தான் பார்ப்பார். பையனுடையதைப் பார்க்க வேண்டியதில்லை. அவன் அவர் பெற்ற பிள்ளை.

சம்மதப் படிவம் பதினாறு பக்கம். அப்பா கையெழுத்துப் போட்டார். அவள் சம்மதத்துக்கு அதில் இடம் இல்லை.

அவளுடைய அம்மா மார்புப் புற்றில் போனாள். சித்தியும் அதிலேயே.

அறிக்கையில் சிவப்பு வந்தால் கல்யாணம் இல்லை.

போன மாதம் அவளுக்கும் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பட்டாணி அளவு. யாரிடமும் சொல்லவில்லை. பெரியாஸ்பத்திரியில் வியாழக்கிழமைக்குச் சீட்டு வாங்கி வைத்திருந்தாள்.

ஆனால் குழாயில் போட்டு அனுப்பிய எச்சில் அவளுடையதல்ல.

பேச்சிமுத்துவுடையது.

பேச்சிமுத்து லாரி எடைமேடைக் காவல்காரர். ஆய்வுக்கூடம் ஊரில் நடத்திய இலவச முகாமில் முதல் ஆளாகத் துப்பியவர். அவருடைய அறிக்கை அத்தனையும் பச்சை. நூற்றுப் பத்து வயதுவரை ஒரு தும்மல்கூட வராது என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து ஊரில் ஒருவரும் சொந்த எச்சிலைத் துப்பவில்லை. கல்யாணம், காப்பீடு, கம்பெனி வேலை, எதற்கென்றாலும் கையில் குழாயோடு அவர் வாசலில் வரிசை நின்றது. ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டு எல்லாருக்கும் துப்பிக் கொடுத்தார். மதியத்துக்குள் நாக்கு வறண்டுவிடும். மிச்சப் பேர் மறுநாள் வர வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இருநூற்றுப் பதினாலு பேருக்கும் ஒரே உடம்பு. அது அந்த மண்ணின் வாகு என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட்டார்கள்.

ஆலோசகர் வாசித்தார்.

"இதயம், பச்சை. சர்க்கரை, பச்சை. புற்றுநோய்க் கூறு, பச்சை."

அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"பாலினம், ஆண்."



அவள் அப்பாவைப் பார்த்தாள். தொலைந்தது எல்லாம்.

மாப்பிள்ளையின் அம்மா அவளை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார்.

"என்ன சார் இது, ஆண்னு வருது?"

"மரபணு பொய் சொல்லாதும்மா. கண்ணைத்தான் நம்பக் கூடாது."

வேலாயுதம் தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார்.

"விடுக்கா. நோய் கிடையாதுன்னு போட்டிருக்கு. ஆம்பளைன்னா ஆம்பளையா இருந்துட்டுப் போறா."

"அம்பது வயசுக்கு மேல புராஸ்டேட்டை மட்டும் கொஞ்சம் பாத்துக்கிடணும்" என்றார் ஆலோசகர்.

"அது எல்லாருக்கும் வாரதுதான!" என்றார் வேலாயுதம்.

மாப்பிள்ளையின் அம்மா அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

மாப்பிள்ளை கைபேசியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

தை மாதத்தில் முகூர்த்தம் வைத்தார்கள்.

வெளியே வந்ததும் அப்பா அறிக்கையை அவள் கையில் கொடுத்தார்.

யாருடைய எச்சில் என்று அவளுக்குத் தெரியாதா?

தெரியும். என்றாலும் அவள் பெயர் போட்டு, அதற்கு நேரே பச்சை அடித்திருந்தது. இரண்டு தடவை வாசித்தாள். மூன்றாவது தடவை வாசித்தபோது கட்டி கொஞ்சம் சிறுத்தாற்போல இருந்தது.

வியாழக்கிழமை பட்டு எடுக்கப் போனார்கள்.

அவளும் போனாள்.

ஆய்வுக்கூடத்துக்கு முதன்முதலாக மரபணு பார்க்கும் இயந்திரம் வந்து இறங்கியது, கல்யாணம் முடிந்து அடுத்த ஆனியில்.