கடலடிச் சுறா

"அப்பா, படகில இனி அந்தக் கதையைச் சொல்லாதேங்கோ. எனக்கு வெக்கமாக் கிடக்கு. அந்த ராட்சதச் சுறா அழிஞ்சு லட்சக்கணக்கான வருசமாம்," என்றாள் கஜந்தி.

திருகோணமலையில் பயணிகளைத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் யோகலிங்கம் சிரித்தார்.

"சொன்னவை கடலின்ர அடியைப் போய்ப் பார்த்தவையோ? அது இருக்குது, பிள்ளை."

"வேணுமெண்டா சின்னச் சுறா எண்டு சொல்லுங்கோவன்."

"சின்னச் சுறா ஒரு காலைத் தொடையோட கொண்டுபோகுமோ?"

அவர் பொய்க்காலின் வாரை இறுக்கினார்.

"சண்டைக்க செல் விழுந்து வெடிச்சுக் கால் போனதெண்டு சொன்னா, எந்த இயக்கத்தில இருந்தனீ எண்டு கேட்கினம். கஞ்சி வாங்க வரிசையில நிண்டனான் எண்டா ஒருத்தரும் நம்பயில்லை."

"சுறாவை நம்புகினமோ?"

"நம்புகினம். பாவமெண்டு கண்ணீரும் விடுகினம்."