கூட்டிப் போட்ட கணக்கு

அரையிறுதி முடிந்ததும் கல்லூரி பாஸ்கெட்பால் கோச், ஸ்கோர் எழுதுபவனின் மேசைக்கு வந்து குழைந்தார்.

“தம்பி, நாளைக்கு ஃபைனலுக்கு செலக்டருங்க வர்றாங்க. அதுக்கு முன்னாடி இந்த ஷீட்டைப் பார்ப்பாங்க. என் பையன் கணக்கைக் கொஞ்சம் கவனிச்சுப் போடுப்பா.”

ஸ்கோர் எழுதுபவன் நிமிரவில்லை. எட்டு வருடத்துக்கு முன் இதே டீமில் இவன் ஆடியபோது, வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தை எம்பிப் பிடித்த ரீபவுண்டையெல்லாம் தன் தங்கை மகன் பேரில் எழுதவைத்து, இவனை பெஞ்சில் உட்காரவைத்த மகராசன் அவர்.

“பாயின்ட்ல கை வைக்க முடியாது சார், போர்டுல எல்லாரும் பார்த்துட்டாங்க. ரீபவுண்டும் அசிஸ்ட்டும் என் கண்ணுல பட்டதுதான் கணக்கு.”

“அதைத்தான் சொல்றேன்.”

நாலு ரீபவுண்டைப் பதினாறாக்கினான். அடுத்தவன் கூடை போடப் பந்து கொடுத்த இரண்டு அசிஸ்ட்டைப் பதினொன்றாக்கினான். கோச்சுக்கு வாயெல்லாம் பல். ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “பழசையெல்லாம் மறந்துட்ட. நல்லவன்பா நீ” என்றார்.

மறுநாள் ஃபைனலில், எதிர் டீமில் பனைமர உயரத்தில் இரண்டு பேர் கோச்சின் பையனை அட்டையாய் ஒட்டிக்கொண்டார்கள். பந்து அவன் கையில் படவே இல்லை. செலக்டர்கள் இடைவேளையிலேயே எழுந்து போனார்கள்.

கோச் மேசைக்கு ஓடிவந்தார். “இத்தனை பேர் ஆடுறாங்க, இவனையே ஏன்ப்பா பிடிச்சுக்கிட்டானுங்க?”

“அவங்க ஷீட் காப்பி உங்களுக்கு வந்துச்சுல்ல சார்? அதே மாதிரி உங்க ஷீட்டும் அவங்களுக்குப் போச்சு. உட்கார்ந்து படிச்சிருப்பாங்க.”

பையனின் பெயருக்கு நேரே மூன்று முட்டைகளைப் பொறுமையாக வரைந்துவிட்டு, அவன் முதல்முறையாக நிமிர்ந்தான்.

“இன்னிக்கும் கொஞ்சம் கூட்டிப் போடட்டுமா சார்?”