சுவர் காட்டிய பெயர்

எங்கள் செய்தித் தொலைக்காட்சியின் காலைக் கூட்டங்களில், எந்த யோசனையை யார் முதலில் சொன்னார்கள் என்று கூட்ட அறையின் கணினிச் சுவர் குறித்துக்கொள்ளும். ஆண்டின் கடைசிக் கூட்டம் முடிந்ததும் கணக்கைக் காட்டும். முதலில் நிற்பவருக்கே தலைமை ஆசிரியர் பதவி. அந்தக் கடைசிக் கூட்டம் இன்று.

"வெள்ள முகாம்ல பெண்களுக்குக் கழிப்பறை இருக்கான்னு கேக்கலாமா சார்? தப்பா இருந்தா விட்டுடுங்க" என்றேன். யாரும் நிமிரவில்லை.

இரண்டு நிமிடம் கழித்து, தலைமை ஆசிரியர் தணிகாசலம் மேசையைத் தட்டினார். "முகாம்ல கழிப்பறை இருக்கா? அதான்யா இன்னிக்கு முதல் செய்தி!"

"பிரமாதம் சார்!" என்றார்கள்.

கூட்டம் முடிந்தது. சுவரில் எழுத்துகள் ஒளிர்ந்தன. முதலில் என் பெயர். மங்கையர்க்கரசி: இருநூற்றுப் பதினொன்று. தணிகாசலம்: ஆறு.

"மெஷின் கெட்டுப்போச்சா? இப்ப கழிப்பறை விஷயம் நான்தானேம்மா சொன்னேன்?"

சுவர் என் குரலை ஒலிபரப்பியது. "தப்பா இருந்தா விட்டுடுங்க..." பதினெட்டு ஆண்டுகளாக இப்படித்தான் பேசியிருக்கிறேனா? கூசியது. ஆனால் அந்தக் குரல் கேட்ட கேள்வி சரியானது. அது மெல்ல மெல்ல எனக்குள் இறங்கியபோது முதுகு தானாக நிமிர்ந்தது.

"அந்த ஆறு என்னென்ன?" என்றார் அவர்.

"ஒண்ணு எனக்கு ஞாபகமிருக்கு சார்" என்றாள் விளையாட்டுச் செய்தி பிலோமினா. "மீட்டிங்க சீக்கிரம் முடிக்கலாம்னு சொன்னீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்க முயன்றார். "சரி மேடம், உங்களுக்குப் புது நாற்காலி ஒண்ணு கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"வேணாம் சார்" என்றேன். "நீங்க எழுந்தா போதும்."