எட்டு நிமிடப் பிசகு

சாப்பாட்டு மணி அடித்ததும் தங்கமாரி கேன்டீன் பக்கம் திரும்பாமல் கேட்டை நோக்கி ஓடினாள். தொழிற்சாலைக்குள் போனுக்கு அனுமதி இல்லை; அவளுடையது செக்யூரிட்டி அறைப் பெட்டியில் கிடந்தது.

"இன்னா தங்கம், சோத்த வுட்டுட்டு ஓடிக்கினு கீற? மாப்ள வூட்லேர்ந்து போனா?" என்றார் சூப்பர்வைசர் கோதண்டம்.

மாப்பிள்ளை வீடு அவ்வளவு தொலைவில் இருக்காது. அவள் காத்திருந்த சேதி இருநூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வர வேண்டும்.

அலுமினிய வார்ப்புகளை எக்ஸ்ரேயில் வைத்து உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது இப்போதைய பிழைப்பு. அதற்கு முன் நான்கு வருடம், டாக்டர் பட்டத்துக்காக, வானத்தின் ஒரே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது. என்ன என்று எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. சூரியன் மூன்று நாள் உட்கார்ந்து கொட்டுகிற சக்தியை, இமை அசைவதற்குள், ரேடியோ அலையாகக் கக்கிவிட்டு அடங்கிவிடும். இந்த வகையில் பெரும்பாலானவை ஒரு தடவையோடு சரி. இது மட்டும் அடங்காப்பிடாரி. எண்பத்து மூன்று தடவை வெடித்திருந்தது.

ஒவ்வொரு வெடிப்போடும் காமாக் கதிரும் வந்ததா? செயற்கைக்கோள் பதிவுகளில் தேடிச் சொல்ல வேண்டும். வந்திருந்தால் அந்தப் பொருளின் குட்டு உடைந்துவிடும்.

தேடினாள். எதுவும் இல்லை. நான்கு வருடத்தில் அவள் சேர்த்த ஒன்றுமில்லையை லாரியில் ஏற்றியிருந்தால் ஒரகடம் மேம்பாலம் முதுகு வளைந்திருக்கும்.

பிசகு நேரத்தில் நடந்தது. பூமி ஓடிக்கொண்டே இருப்பதால், வெடிப்பு பதிவான நேரத்தைச் சூரியன் பக்கத்தில் நின்று பார்த்த நேரமாக மாற்ற வேண்டும். அதுதான் முறை. வெடிப்புகளின் நேரப் பட்டியலைக் கொடுத்தவர்கள் முன்பே மாற்றித்தான் கொடுத்திருந்தார்கள். கெட்டிக்காரி தங்கமாரி இன்னொரு முறை மாற்றினாள்.

சில வெடிப்புகளில் எட்டு நிமிடம் வரை தவறிப்போயிற்று. கம்பெனி பஸ் போய் எட்டு நிமிடம் கழித்துப் படப்பை ஸ்டாப்பில் வந்து நின்றுகொண்டு, இன்றைக்குப் பஸ்ஸே வரவில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த கதை.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது பிசகு வெளியே வந்தது. ஆய்வேடு போயிற்று. திருத்தி எழுத அவகாசமும் இல்லை. அதே எண்பத்து மூன்றையும் சரியான நேரத்தில் தேடும் வேலை, அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஜாஸ்மினுக்குப் போயிற்று. இன்றைக்கு முடிவு தெரியும்.

ஜாஸ்மினுக்குக் கிடைத்துவிட வேண்டும். ஒரே ஒரு மினுக்கு போதும்.

வல்லக்கோட்டை முருகனிலிருந்து ஊர் சாஸ்தா வரை தங்கமாரி வேண்டாத சாமி இல்லை. காமாக் கதிர் என்றால் என்னவென்று இந்நேரம் அவர்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

அவளோடு ஒரே அறையில் தங்கி ஒரே லைனில் வேலை பார்க்கும் பாண்டிச்செல்விக்குத்தான் இந்த வேண்டுதல் பிடிபடவே இல்லை. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள்.

"ஏட்டி, ஒன் எடத்துல உக்காந்திருக்கவளுக்குக் கெடைக்கணும்னா சாமி கும்புடுத? கூறுகெட்டவளே. ஒன்னையப் போட்டுக்குடுத்தவன் நாசமாப் போகணும்னு கும்புடுட்டி."

இரண்டு வருடமாக அந்த முகம் தெரியாதவனை அவள் திட்டாத நாளில்லை. தங்கமாரி தடுத்ததும் இல்லை.

போன் கைக்கு வந்தது. ஜாஸ்மின் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா, எண்பத்து மூணும் பாத்தாச்சு. ஒண்ணுமே இல்லக்கா. ஒங்க முடிவுக்கும் என் முடிவுக்கும் வித்தியாசமே கெடையாது. ஆனா இல்லைங்கறதும் ஒரு கண்டுபிடிப்புதாம்மான்னு நம்ம கைடு சார் சொல்லிட்டாரு. நாளைலேர்ந்து தீசிஸ் எழுதச் சொல்லியிருக்காரு."

"சந்தோஷம்டா" என்றாள் தங்கமாரி. சொன்ன வாய் கசந்தது.

பாண்டிச்செல்வி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, போட்டுக்கொடுத்தவனின் ஏழு தலைமுறையையும் மறுபடி இழுத்தாள்.

உண்மையில் அந்தப் பிசகு எவர் கண்ணிலும் படவில்லை. தேர்வாளர்கள் இரண்டு பேரும் பாராட்டி எழுதி அனுப்பியிருந்தார்கள். வைவா அழைப்பிதழ்கூட அச்சாகிவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் கைடு எழுந்து கதவைச் சாத்திவிட்டு, காலில் விழாத குறையாகச் சொன்னார்: "நமக்கு ரெண்டு பேருக்குத்தாம்மா தெரியும். இதோட விட்டுடு."

அன்று சாயங்காலமே பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிப் போட்டவள் தங்கமாரி.